எட்டு போடப் போன கை

ஐம்பது வயதில் ஸ்கூட்டர் பழகப் போனேன். எங்கள் ஊரான காரோட்டிலிருந்து எங்கே போவதென்றாலும் கணவர் சட்டை மாட்டி, சீப்பு தேடிக் கிளம்பும்வரை காத்திருந்து அலுத்துவிட்டது. லைசென்ஸ் தேர்வில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். மழை நனைத்த மைதானத்தில் பழகும்போது வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது கையை ஊன்றி விழுந்தேன்.

"உளுக்கு ஆக்கும்" என்று வீட்டில் கணவர் சுளுக்கு எண்ணெய் தடவினார். நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர் கேட்காமலே ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மணிக்கட்டு தோசைக்கரண்டி மாதிரி வளைந்திருந்ததைப் பார்த்ததுமே நெய்யாற்றின்கரை டாக்டருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முன்கை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒடிந்து பின்பக்கம் சாய்ந்திருந்தது. கையூன்றி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் ஒடியுமாம். மரத்துப்போக ஊசி போட்டார்கள். நர்ஸ் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் விரல்களைப் பிடித்து இழுத்து எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டு போட்டார்.

"விரல எப்பளும் ஆட்டணும், கேட்டியளா? அடுத்த வாரம் திரும்பவும் படம் எடுக்கணும். எலும்பு விலகினா ஆபரேஷன் செய்து தகடு வைக்கணும்."

"இனி ஒனக்கு எட்டும் வேண்டாம், பத்தும் வேண்டாம். வண்டிய வித்துரலாம்" என்றார் கணவர்.

பழகுவதற்குத் தந்த லேனர்ஸ் லைசென்ஸ் காலாவதியாவதற்குள் கை தேறாவிட்டால் இவர் மறுபடி விண்ணப்பிக்க விடமாட்டார். எனக்கு அழுகையே வந்தது.

நல்லவேளை, எலும்பு விலகவில்லை. ஆனால் கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு திரும்ப மறுத்தது. வலது கை திரும்பாமல் ஆக்சிலேட்டரை எப்படி முறுக்குவது? வெந்நீரில் கையை வைத்துத் திருப்பினேன், பந்தைப் பிசைந்தேன். ஈரத்துணி பிழியச் சொன்னார்கள். கணவரின் வேட்டிகளாகப் பார்த்து எடுத்துப் பிழிந்தேன். அதில் தனி சுகம் இருந்தது.

லேனர்ஸ் முடிய நாலு நாள் இருக்கும்போது தேர்வுக்குப் போனேன். கால் தரையைத் தொடாமல் எட்டு போட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று அதிகாரி சொன்னதும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன்.

திரும்பும்போது, துணைக்கு வந்திருந்த கணவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தார். பாறசாலை தாண்டும்வரை ஒரே கேள்விதான்.

"கை நோவுதாடி?"

"கை நோவல்ல. நீங்க தோள விடுங்க, அதுதான் நோவுது."