அச்சாரமாக உட்கார்ந்தவர்

காட்டிக்கொடுத்துவிட்டு ஓடினாராம்! எதிராளி வீட்டிலிருந்து உயிரோடு வந்தாராம், அதனால் விலைபோனவராம்! கடைவாசலில் பல் குத்திக்கொண்டு நிற்கிறவன் சொன்னால் அது வேதமா? அவர் உத்தமர் என்று யாரும் வாதாட வரவில்லை. கள்ளச்சரக்கும் மிரட்டல் வசூலுமாகப் பிழைத்த குடும்பத்துக்குக் காலமெல்லாம் புத்தி சொன்னவர் உத்தமராக எப்படி இருப்பார்? ஆனால் காட்டிக்கொடுத்தவர் அவரில்லை. அதை மட்டும் அடித்துச் சொல்லலாம்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் அச்சாரம். எதிராளியைப் பேச்சுக்கு அழைத்தால், வந்தவன் முழுசாகத் திரும்புவான் என்பதற்கு ஈடாக இவர் போய் அவன் வீட்டில் உட்கார்ந்துகொள்வார். அவன் திரும்பி வந்தால்தான் எழுந்திருப்பார். கத்தி எடுக்காமலே எத்தனையோ வெட்டுக்குத்தை அந்த உட்கார்தல் நிறுத்தியிருக்கிறது. தலைவராக இருந்த பெரியவர் காலத்தில் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

பெரியவர் போனபின் மகன் தலையெடுத்தான். இவர் தோளில் ஏறி வளர்ந்த பிள்ளை. துறைமுகச் சரக்கு யாருக்கு என்று லாரிக்காரனோடு தகராறு முற்றியபோது, சமாதானம் பேசலாம் என்று மகனே சொன்னான். இவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கிளம்பும்போது, "சித்தப்பா, வாசல் சாவியைக் குடுத்துட்டுப் போங்க" என்றான்.

"எதுக்குப்பா? சாயங்காலம் வந்துடுவேனே."

"இருக்கட்டும், குடுங்க."

பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரித்துப்போய், பெரியவர் வீட்டுச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

லாரிக்காரன் வீட்டில் போய் உட்கார்ந்ததும் அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். "சர்க்கரை போடலாமா அண்ணே?"

"டாக்டர்கிட்ட சொல்லமாட்டேன்னா போடும்மா."

சிரித்துக்கொண்டே போட்டாள். டம்ளர் காலியாகுமுன் போன் வந்தது. கேட்டவள் சுவரோடு சரிந்தாள். பேசப் போன புருஷனை உட்கார்ந்த நாற்காலியிலேயே முடித்துவிட்டார்கள்.

அவள் தம்பி இரும்புக் கம்பியோடு பாய்ந்தான். இவர் நகரவில்லை. கை மட்டும் இடுப்பைத் தடவியது. "சாவியைக் கேட்டு வாங்கினானே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"நில்லுடா!" என்று அவள் கத்தினாள். "இந்த மனுஷன் மூஞ்சியைப் பாரு. இவருக்கும் சேத்துத்தான் குழி வெட்டியிருக்கானுங்க." பிறகு இவர் பக்கம் திரும்பாமலே, "போயிடுங்க. இன்னும் கொஞ்சம் நின்னா எனக்கே மனசு மாறிடும்."

நேரே பெரியவர் வீட்டுக்குத்தான் போனார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கதவைத் தட்டினார். உள்ளே, இவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் பையனின் மச்சான் கால்மேல் கால் போட்டிருந்தான். பையன் முகத்தில் ஈயாடவில்லை.

"சித்தப்பா... வந்துட்டீங்களா?"

"மன்னிச்சுக்கோப்பா. செத்துட்டு வான்னு நீ சொல்லலையே."

"தொழில்ல இதெல்லாம்..."

"உங்கப்பா என்னை எத்தனை வீட்ல உக்கார வெச்சார்? ஒரு தடவையாவது சாவியைக் கேட்டாரா?"

பையன் மச்சானைப் பார்த்தான். மச்சான்தான் தொண்டையைக் கனைத்தான்.

கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கினார். முதுகுக்குப் பின்னால், அவருடைய சாவி பூட்டில் திரும்பியது.