பிரானி தொடாத பெட்டி

மகாசாய் துறைமுகத்தில் எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் மின்சார வேலை முழுவதும் பிரானி கையில்தான். மோட்டார் உறுமுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒன்றை மட்டும் வெகுநாள் தொடாமலே இருந்தாள். கெப்பாசிட்டர் பெட்டி. அவள் புருஷன் தாவின் அதில்தான் போனான். அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும், வடிய விட்டுத்தான் தொட வேண்டும் என்று அந்தப் பாவிக்கு எவனும் சொல்லித் தரவில்லை.

முதலாளி அன்றைக்கே பெட்டியைக் கழற்றச் சொன்னார். பிறகு புருஷன் பார்த்த வேலையை அவளுக்கே கொடுத்தார்.

மோட்டார் சும்மா இருக்குமா? வேலைக்கு வேண்டிய மின்சாரம் போக, தன் காந்தத்தை எழுப்பவும் ஒரு பங்கைக் கம்பியிலிருந்து இழுக்கும். அந்தப் பங்கைப் பக்கத்திலிருந்தே கொடுப்பதுதான் கெப்பாசிட்டரின் வேலை. அது இல்லாமல் கம்பி சுட்டது, மின்வாரியம் அபராதம் போட்டது. இந்த வருஷம் முதலாளி, பெட்டி வைக்காவிட்டால் ஒரு மோட்டாரை நிறுத்த வேண்டியதுதான் என்றார். நிறுத்தினால் ஐஸ் உடைக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும். பிரானி, அதைத் தொட மாட்டேன் என்றாள். அவரும் வற்புறுத்தாமல் வெளியிலிருந்து நிபோன் என்ற மெக்கானிக்கை அழைத்து வந்தார்.

நிபோன் கெட்டிக்காரன்தான், கொஞ்சம் அவசரக்காரன். பெட்டியை மாட்டி மோட்டாரை ஓட்டினான். கம்பியில் ஓடும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டர் முள் சட்டென்று இறங்கியது. பெண்களுக்கு உயிர் வந்தது. ஒரு நட்டு சரியாக முறுக்கவில்லை என்று நினைவு வந்ததும் சுவிட்சை அணைத்தான், கதவைத் திறந்தான், ஸ்பானரோடு கையை நீட்டினான்.

வாசலில் நின்றிருந்த பிரானி பாய்ந்து வந்து அவன் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"அணைச்சிட்டேனே அக்கா," என்றான் நிபோன்.

"அவரும் அணைச்சிட்டுத்தான்டா தொட்டாரு."

ரப்பர் பிடி போட்ட கம்பியை எடுத்து அவளே உள்ளே வைத்தாள். தங்கியிருந்த மின்சாரம் படீரென்று பொறியாகப் பறந்தது. நிபோன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிரானியே அந்த நட்டை முறுக்கி முடித்தாள்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சுக்கா."

"பொண்டாட்டி பேரு?"

"மாலி."

"மோட்டார நிறுத்தினா, இந்தக் கதவத் தெறக்கறதுக்கு முன்னாடி அந்தப் பேர முந்நூறு தடவ சொல்லு. அதுக்குள்ள கரண்ட் வடிஞ்சிடும். அப்பவும் கம்பி வச்சுப் பாத்துட்டுத்தான் கை வைக்கணும்."

இப்போது அந்தப் பெட்டியும் பிரானியின் பொறுப்புதான். மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் முன்னால் போய் நிற்பாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட எங்களில் யாருக்கும் மனசு வராது.