சாப்பாட்டு வேளையில் வந்த ரத்தக்காட்டேரி

ரூனே லின்ட்வால் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டான். வடதுருவத்தை ஒட்டிய பூடன் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவன் அவன். யாராவது கதவைத் திறந்து ஒரு வாய் காப்பி என்று கூப்பிட்டால், "இப்பத்தான் ஆச்சு" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். ஒரு மண்ணும் ஆகியிருக்காது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். "உன் புருஷன் என்ன, கரண்டு மீட்டர் பாக்க வந்தவரா?" என்று மச்சினிகள் சிரித்தார்கள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அதற்கு இது ஒன்றே காரணமில்லை, ஆனால் இதுவும்தான்.

இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. வேலையை விட்டால் அவன் போகிற இடம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மக்கள் மன்றத்தில் கூடும் சினிமா வட்டம். அதுவும் ஸ்வேயா அத்தையைக் காரில் கூட்டிப்போகத்தான். ஸ்வேயா, அவனோடு பள்ளியில் படித்த டோர்பியனின் அம்மா. டோர்பியன் இளவயதிலேயே, உறைந்த ஆற்றின் பனி உடைந்து, பனி ஸ்கூட்டரோடு மூழ்கிப் போய்விட்டான். அதிலிருந்து ஊரில் பனி விழுந்தால் ரூனே முதலில் வழிப்பது ஸ்வேயா வீட்டு வாசலைத்தான். வாசலோடு சரி, உள்ளே போக மாட்டான்.

அன்றைக்குப் போட்டது ஒரு ரத்தக்காட்டேரிப் படம். புதுப் படம். கடலோரத் தீவு, ஓயாத காற்று, பேச்சு குறைவு. மெலிந்த பையன் ஒருவன் இருட்டியதும் ஒரு வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கிறான். உள்ளே குடும்பம் சாப்பிடுகிறது. யாராவது 'வா' என்று சொன்னால்தான் அவனால் உள்ளே போக முடியும். அந்த வீட்டம்மா அவனைப் பார்க்கிறாள், எழுந்து வந்து திரையை இழுத்து மூடுகிறாள். படம் முழுக்க இவ்வளவுதான். ஆனால் அந்தத் திரை மூடிய இடத்தில் ரூனேவுக்கு, அரங்கத்தின் இருட்டில், எங்கிருந்தோ, சதகுப்பைத் தழை போட்ட கறிக்குழம்பு வாசம் வந்தது.

படம் முடிந்ததும் காப்பியும் ஏலக்காய் பன்னும் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வாய் திறக்கக் கூடாது என்பது வட்டத்தின் சட்டம். நம் ஊரில் கடவுளை மறந்தவன்கூட இந்தச் சட்டத்தை மறக்க மாட்டான்.

"ரெண்டு மணி நேரத்துல மூணு சொட்டு ரத்தம். காலைல ஷேவ் பண்றப்ப எனக்கு இதைவிட அதிகமா வருது" என்றார் ஹோகன், ஓய்வுபெற்ற பல் வைத்தியர்.

நூலகத்தில் வேலை பார்க்கும் லீசெலொட், "அந்தக் காத்துச் சத்தம் இருக்கே, வீட்டுக்குப் போனாலும் விடாது" என்றாள்.

ஸ்வேயாவுக்குக் கோபம். "அந்தம்மாவ எதுக்குக் கெட்டவளாக் காட்டணும்? அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நம்ம சாப்பாடு போட்டா, அவங்கம்மா சமைச்சது வீணாப் போகும். பிள்ளைக்குப் போட வக்கில்லாதவள்னு சொன்ன மாதிரியும் ஆயிடும். திரைய மூடினது மரியாதைங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்."

அப்படித்தான் இருந்தார்கள். பள்ளி விட்டு விளையாட வந்த பிள்ளை, சாப்பாட்டு வேளை வந்தால் நண்பனின் அறையில் தனியே உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர்கள் சாப்பிட்டு முடித்ததும் விளையாட்டு தொடரும். யாருக்கும் இதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

ரூனேவின் முறை வந்தது. வழக்கமாக "நல்லாருந்துச்சு" என்பான். ஹோகன் அவனுக்காக அதை முன்கூட்டியே முணுமுணுத்தார்.

"அந்தப் பையன் வீட்டுல யாரும் சமைச்சிருக்க மாட்டாங்க" என்றான் ரூனே.

ஸ்வேயா சட்டத்தை மீறினாள். "உனக்கெப்படித் தெரியும்? படத்துல அவன் வீட்டையே காட்டலையே."

"காட்ட வேண்டாம் அத்தை. வீட்டுல சாப்பாடு இருக்கிறவன் அடுத்த வீட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டான்." கோப்பையைத் தள்ளி வைத்தான். "கதவச் சாத்தினாலும் வாசம் வரும். தட்டுல முள்கரண்டி படுற சத்தத்த வச்சே இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்லிடலாம். பசியக்கூடப் பொறுத்துக்கலாம். யாராவது வான்னு சொல்லுவாங்களான்னு காத்துக்கிட்டே இருக்கிறது இருக்கே, அதத்தான் பொறுக்க முடியாது."

லீசெலொட் பன் தட்டை எடுத்து, யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல் திரும்ப வைத்தாள்.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. கார் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் ஸ்வேயா வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "அப்பல்லாம் உங்கம்மா?" என்றாள்.

"தூங்கிட்டிருப்பாங்க. பாட்டில் பக்கத்துலயே இருக்கும்."

"எல்லா நாளுமா?"

"பெரும்பாலும்."

"டோர்பியனுக்குத் தெரியுமா?"

"அவன் சட்டைப் பையில ரொட்டி ஒளிச்சு எடுத்துட்டு வருவான்."

ஸ்வேயா கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "அவன் கணக்கு வழக்கில்லாம ரொட்டி தின்னுறான்னு நான் திட்டுவேன்" என்றாள்.

வீடு வந்தது. அவள் கதவைத் திறந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கதவைச் சாத்தவில்லை. ரூனே வாசலில் நின்றான். குளிர் அவனைத் தாண்டி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்போது கார் வரை நடந்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும். ஆனால் கால் நகரவில்லை.

"பூட்ஸக் கழட்டுடா. உள்ள வா" என்றாள் ஸ்வேயா.

சமையலறையில் அந்தக் காலத்து அதே மேசை. காலையில் வைத்த கறிக்குழம்பைச் சூடாக்கினாள். சதகுப்பை வாசம் எழுந்தது. ஒரே ஒரு தட்டை வைத்து, உருளைக்கிழங்கும் குழம்பும் வழிய வழியப் போட்டாள்.

"உங்களுக்கு?"

"நீ சாப்பிடு."

அவள் டோர்பியனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கட்டில் கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்தை ரூனே எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வான்.

முள்கரண்டி தட்டில் பட்டது. பட்டதும் கை நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் இது எப்படிக் கேட்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? திரை மூடாத ஜன்னலில், வெளியே பனியில், ஒருவன் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் தெரிந்த தன் முகம்தான். இருந்தும் அவனால் அந்தப் பக்கம் இன்னொரு முறை பார்க்க முடியவில்லை.

எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தான். ஸ்வேயா விளக்குப் போடாமல், கட்டில் விளிம்பில், இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் அவனும் அந்த இடத்தில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

"வாங்க அத்தை. ஆறிடும்."

"நீ முடிச்சுட்டு வா. நான் இருக்கேன்" என்றாள்.

அவன் திரும்பிப் போய் உட்கார்ந்து, தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டான். அறைக் கதவை மட்டும் சாத்தவில்லை.