பத்தாவது ஆள்

போன வருஷம் ஜூன் மாதம், மெல்போர்னில் நான் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது. ஒரு சாயங்காலம் காஃபீல்டில் யூதப் பெரியவர் ஒருவரை ஏற்றினேன். கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டு, நெஞ்சுவரை தாடி. அன்று ராத்திரி சிட்னியில் அவருடைய அக்கா பேத்திக்குக் கல்யாணம். ஏர்போர்ட் போக நேரம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டு தெரு தாண்டியதும், யூதர்களுடைய சின்ன ஜெபக்கூடம் ஒன்றின் வாசலிலிருந்து ஒருவர் ரோட்டுக்கே வந்து கை காட்டினார். உள்ளே ஒன்பது பேர்தான் இருக்கிறார்களாம். அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பையன் அவளுக்காகப் பிரார்த்தனை சொல்ல வேண்டும். பத்து ஆண்கள் இல்லாமல் அதைச் சொல்லவே கூடாதாம். சூரியன் வேறு இறங்கிக்கொண்டிருந்தது; மறைவதற்குள் தொடங்கியாக வேண்டுமாம்.

பெரியவர், "காரை நிறுத்துப்பா" என்றார்.

எனக்குப் பதறியது. "சார், ஃப்ளைட் போயிடும். ஆள்தானே வேணும்? நான் போய் நிக்கிறேன்" என்றேன், நிஜமாகவே. இரண்டு பேரும் சிரித்தார்கள். "நல்ல மனசு உனக்கு. ஆனா அது எங்க ஆளா இருக்கணும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் பெரியவர் இறங்கினார்.

மனதுக்குள் திட்டிக்கொண்டே நானும் பின்னால் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னும் பின்னும் ஆடியபடி ஆளுக்கொரு வேகத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் அந்தப் பையன் எழுந்தான். இருபது வயதுதான் இருக்கும். பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவன் மறுபடி தொடங்கியதும் எல்லோரும் ஒரே குரலில் "ஆமென்" என்றார்கள், நம்ம பெரியவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காரில் ஏறியதும், "அந்தப் பையன் உங்க சொந்தமா?" என்று கேட்டேன்.

"இன்னிக்குத்தான் பார்க்கிறேன். பேருகூடத் தெரியாது."

விமானம் போய்விட்டது. அடுத்ததில்தான் போனார். நம்ம கணக்கில் சொன்னால், தாலி கட்டுவதை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பார். முகத்தில் துளி வருத்தம் இல்லை.

நம்மவர் வீட்டில் சாவு என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கிற ஆளாகத்தான் அதுவரை இருந்தேன். இப்போது வண்டியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விடுகிறேன். பேச ஒன்றும் தெரியாவிட்டாலும், அழுகிறவர் பக்கத்தில் எண்ணிக்கைக்கு ஓர் ஆளாக நிற்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.