சனிக்கிழமைச் சொம்பும் கிரீஸ் டப்பாவும்

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நாலு நாளில் ஆறிப்போகிற கோபம் எனக்கு வாய்க்கவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்குமே, அந்த ரகம். ஒரு டப்பா, உள்ளங்கையில் அடங்குகிற டப்பா. அதை வைத்து எட்டு வயதுப் பிள்ளையை எங்கள் வீட்டு ஆட்கள் படுத்திய பாடு இருக்கிறதே, அதை எழுதி முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

என் தம்பி ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். போன புரட்டாசியில் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அந்தச் சமயத்தில்தான் லீவாம். அவன் மனைவிக்கு வேலையில் லீவு கிடைக்காததால் அப்பாவும் மகளும் மட்டும் வந்தார்கள். நான் எருமப்பட்டிப் பக்கம் எங்கள் அப்பா கட்டின வீட்டில் இருக்கிறேன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். அப்பா போன பிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு நிறைய உண்டு. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வந்த அன்றைக்கே பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த அந்த டப்பாவைப் பிள்ளை வெளியே எடுத்தாள். மூடியைத் திறந்தால் கறுகறுவென்று ஒரு பசை. காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் இதைத் தடவித் தின்பார்களாம்.

"அக்கா, நம்ம பக்கம் இட்லிப்பொடி இல்லாத ஊடு இருக்குதா? அங்க இது இல்லாத ஊடு கெடையாது" என்றான் தம்பி. "வெளிநாடு போறவன் பாஸ்போர்ட்ட மறந்தாலும் இத மறக்க மாட்டான். அவங்களுக்கு இது கொடி மாதிரி."

பிள்ளை அதற்கான விளம்பரப் பாட்டை, பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டு மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று பாடிக் காட்டினாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஒரு கம்பெனிக்காரன் லாபத்துக்கு விற்கிற சரக்கு எப்படி ஒரு நாட்டுக்கே கொடியாகும்? அதைப் பிள்ளைகள் வாயில் பாட்டாக வேறு ஏற்றிவிட்டிருக்கிறானே! "பாடினதுக்கு உனக்குக் காசு குடுத்தாங்களா கண்ணு?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. தம்பி முறைத்தான்.

மறுநாள் காலையில், அப்படி என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று, தக்காளித் தொக்கு வைப்பதுபோல ஒரு கரண்டி அள்ளித் தோசைமேல் போட்டு வாயில் வைத்தேன். அட கடவுளே! உப்பு என்றால் உப்பு, அப்படி ஓர் உப்பு. கூடவே கருகின கசப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தே, இவ்ளோ போடக் கூடாது! கொஞ்சூண்டு. இப்படி." தோசைமேல் நெய்யைத் தடவி, கத்தி முனையில் பசையைத் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இழுத்துவிட்டாள். இந்தத் தடவை நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. ஒரு தோசைக்கு இரண்டு தோசை தின்றேன்.

பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தார். இருபது வருஷத்துக்குமேல் லாரி வைத்து ஓட்டினவர். "எந்த வண்டிக்குச் சாமி இந்த கிரீஸு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிள்ளையும் சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் வாசலில் அதற்குப் பெயர் கிரீஸ் டப்பா. அதுவரை எல்லாம் விளையாட்டுத்தான்.

அவள் இந்தப் பயணத்துக்கு வந்ததே ஒரு காரணத்துக்காக. தம்பி சின்னப் பையனாக வேட்டி கட்டி, நெற்றியில் நாமம் போட்டு, பித்தளைச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ ஒன்று அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கள் பக்கம் பெருமாளைக் கும்பிடுகிற வீடுகளில், பிள்ளைகள் கையில் சொம்பைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்புவார்கள். "கோவிந்தா!" என்று குரல் கொடுத்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி போடுவார்கள். அந்த அரிசியைப் பொங்கித்தான் சாமிக்குப் படைப்பது. நானும் எடுத்திருக்கிறேன், தம்பியும் எடுத்திருக்கிறான். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு இந்தப் பிள்ளை, "நானும் எடுப்பேன், நானும் எடுப்பேன்" என்று ஒரு வருஷமாகப் போனில் என்னை அரித்தெடுத்தவள். வந்த நாளிலிருந்து குளிக்கிற அறைக்குள் நின்றுகொண்டு "கோவிண்டா, கோவிண்டா" என்று ஒத்திகை. நாக்கு திரும்ப மாட்டேன் என்றது. அவளும் விட மாட்டேன் என்றாள்.

சொம்பு பெரியப்பா வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது. அவர் கையால் நாமம் போட்டு எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு.

அந்தச் சனிக்கிழமை காலை பெரியவர்கள் எல்லோரும் விரதம். பிள்ளைகளுக்கு விரதம் கிடையாது. அவள் பச்சைப் பாவாடை கட்டி, எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து தோசையில் அந்தப் பசையைத் தடவித் தின்றுகொண்டிருந்தாள். குளித்து முடித்து வந்த பெரியப்பா கையில் போன். அவர் அந்தப் போனிடம், தோட்டத்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி சத்தம் போட்டுத்தான் பேசுவார். மழை வருமா, முட்டை விலை என்ன, எல்லாம் அதனிடம்தான் கேட்பது.

"இந்த கிரீஸுல என்னதான் போடறான்னு கேப்பமா? நீயே பேரச் சொல்லு சாமி" என்று போனை அவள் வாயருகே நீட்டினார்.

பிள்ளைக்கு ஒரே பெருமை. வாயைத் துடைத்துக்கொண்டு பெயரை அழகாகச் சொன்னாள். போன் தமிழில் பதில் சொன்னது. பீர் தயாரித்த பிறகு மிஞ்சுகிற ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படுவது என்றது.

"பீரா?" என்றார் பெரியப்பா. இன்னொரு தடவை கேட்டார். போனும் இன்னொரு தடவை அதையே சொன்னது.

"அடக் கருமமே! பொரட்டாசிச் சனிக்கெழமையும் அதுவுமா, பீரத் தின்ன கையில பெருமாள் சொம்பக் குடுக்கறதா? நடக்காதுங்கறேன். இந்த வருசம் ஊட்ல யாரும் சொம்பு எடுக்க வேண்டாம்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "பெரியப்பா, அதுல போதையும் இல்ல ஒரு மண்ணும் இல்லீங்க. வெறும் ஈஸ்ட்டுங்க. நேத்து டீக்கடையில நீங்க தின்ன பன்னு எதுல உப்புச்சுன்னு நெனச்சீங்க? அதே ஈஸ்ட்டுதானுங்க."

"பன்னு வேற, பீரு வேற புள்ள."

"நம்ம மாவு ராத்திரியெல்லாம் பொங்குதே, அது என்னங்க? அதுவும் புளிக்கறதுதானுங்களே?"

"இட்லி மாவும் பீரும் ஒண்ணாடி உனக்கு? படிச்ச திமிரு பேசாத."

அங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். எதற்கு நிறுத்த வேண்டும்? ஆவணி மாசக் கடைசி நாளில், இனி ஒரு மாசம் கிடைக்காதே என்று மூச்சுமுட்டக் குடித்துவிட்டு, இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து வாசலில் போட்ட மனுஷன் அவர். ஐப்பசி பிறந்த அன்றைக்கு விடியுமுன் கறிக்கடை வாசலில் நிற்கிறவர். ஒரு மாசம் வாயைக் கட்டிவிட்டு அவர் சுத்தம், கத்தி முனையில் ஒரு பொட்டுப் பசை தின்ற பிள்ளை அசுத்தமா? கேட்டேவிட்டேன்.

"பொரட்டாசி தவுத்து மத்த மாசமெல்லாம் ரோட்டுக் கடையில நீங்க வாங்கிக் குடிக்கறது துளசித் தண்ணிங்களா பெரியப்பா?"

பெரியப்பா முகம் செத்துப்போயிற்று. பிறகு அது கல்லாயிற்று. இனி பெருமாளே வந்து சொன்னாலும் அவர் இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"விடுக்கா. பெரியவங்க. போகட்டும்" என்றான் தம்பி.

பெரியப்பாமேல் வந்த கோபமெல்லாம் ஒரு பங்கு என்றால் இவன்மேல் வந்தது பத்துப் பங்கு. பத்து வருஷமாக அந்தப் பசையைத் தின்கிறவன் இவன். அந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்ததும் ரொட்டியில் தடவி ஊட்டினவன் இவன். கொடி மாதிரி என்று அன்றைக்கு எனக்கு விளக்கம் சொன்ன வாய்க்கு இப்போது என்ன கேடு? "உன் புள்ளைக்கு நீ ஊட்டினதுதானேடா? இதுல தப்பு ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டா!" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெட்கங்கெட்டவன்.

நாங்கள் இப்படி நிற்கும்போதே பிள்ளை எழுந்தாள். பீர் என்கிற சொல் அவளுக்குத் தெரியும். தப்பு தன்மேல்தான் என்பதும் எங்கள் முகங்களைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. பாதித் தோசை தட்டில் கிடந்தது.

"தாத்தா, நான் இனிமே இதச் சாப்பிடலன்னா சொம்பு தருவீங்களா?"

யாரும் பதில் சொல்வதற்குள் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க் குப்பைத் தொட்டிக்குள் போட்டாள். மேலே தெரியக் கூடாது என்று வாழைச்சருகை அள்ளி அதன்மேல் வைத்து அமுக்கினாள்.

பெரியப்பாவுக்கு இழந்த மானமெல்லாம் ஒரே நிமிஷத்தில் திரும்பிவிட்டது. "எந்தங்கமே! நம்ம ரத்தம் பேசுது பாத்தீங்களா!" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவர் பிரியத்தில் கலப்படம் கிடையாது. அதுதான் என்னை இன்னும் கொளுத்துகிறது. வெறுப்பில் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஒதுங்கியிருப்பேன்.

கிண்ணத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர் கொண்டுவந்தார். "கொப்புளிச்சுத் துப்பு சாமி. இன்னொருக்கா. நல்லா. உள்ள ஒட்டீட்டு இருக்கும்." அவள் கொப்புளித்துக் கொப்புளித்துத் துப்பினாள். பச்சைப் பாவாடையெல்லாம் மஞ்சள் துளிகள். பிறகு நெற்றியில் நாமம் போட்டு, துளசி மாலை சுற்றின சொம்பை அவள் கையில் கொடுத்தார். துணைக்கு நான் போனேன்.

முதல் வீட்டில் அவள் போட்ட கோவிந்தா தெருக்கோடிக்கே கேட்டிருக்கும். நாக்கு சரியாகத் திரும்பியது. அரிசி போட்ட அம்மா கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டார். அடுத்த வீட்டில் குரல் இறங்கிவிட்டது. அதற்கடுத்த வீட்டில் எனக்கே கேட்கவில்லை. வெயிலாக இருக்கும் என்று நினைத்தேன்.

நாலாவது வீட்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள். உள்ளே போகவில்லை. சொம்பை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"அத்தே, நீங்களே தூக்குங்க" என்று அதை என் கையில் கொடுத்தாள்.

"ஏங்கண்ணு, கை வலிக்குதா?"

"வாய்தான் கழுவினேன். காலைல சாப்பிட்டது வயித்துக்குள்ள இருக்கும்ல? சாமி அரிசி கெட்டுப்போயிரும்."

உனக்குள் ஒன்றும் இல்லை, நீ தின்றது வெறும் சாப்பாடு என்று குனிந்து உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஆனால் சொம்பைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டுக்காரம்மா கையில் அரிசியோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வருஷமாக ஆசைப்பட்டுக் கடல் தாண்டி வந்த பிள்ளை, கைக்குக் கிடைத்ததைத் தானே வேண்டாம் என்று கொடுத்துவிட்டாள்.

சொம்பை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். பெரியப்பா பூஜையறை வாசலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குள்ள ரொம்பிப்போச்சா சாமி?" என்று சிரித்தார் பெரியப்பா.

கால்வாசிகூட நிரம்பாத சொம்பை அவர் முன்னால் வைத்தேன். "உங்க பேத்தி ஒண்ணு கேக்கறா. பதில் சொல்லுங்க" என்றேன்.

"தாத்தா, வாயக் கழுவிட்டேன். வயித்த எப்படிக் கழுவறது?"

எண்ணெய் வழிந்து விளக்கைத் தாண்டித் தரையில் ஓடியது. பெரியப்பா அதைக் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி..." என்று ஆரம்பித்தார். தம்பி தேங்காயைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஓரத்தில் இருந்த மஞ்சள் தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து, பெரியப்பாவிடம் நீட்டிக் காட்டினாள்.

"இத முழுசாக் குடிச்சாப் போதுமா?"