நான் இடம் மாற்றிய கொடி

தூத்துக்குடியில் எங்கள் அலுவலகத்தார் ஓர் இரவு கோல்ஃப் மைதானத்தில் போட்டி வைத்தார்கள். வரைபடத்தைப் பார்த்து, டார்ச் அடித்துக் கொடிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெயிக்கும் வெறியில் ஒரு கொடியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டேன். அதைத் தேடி அலைந்த என் தோழி மரியா மணல்குழிக்குள் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள். அலறல் கேட்டு ஓடிப்போய் அவளைத் தாங்கி அழைத்துவந்தேன். உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, அவள் மாற்றலாகிப் போகும் நாளில்தான் சொன்னேன்.

"ஏளா, அது எனக்கு அன்னைக்கே தெரியும். வழி நெடுக என்னவிட நீதான அழுதே," என்று சிரித்தாள்.

தெரிந்துகொண்டேதான் தினமும் மதியச் சாப்பாட்டில் தன் மீன்குழம்பில் பாதியை எனக்கு ஊற்றியிருக்கிறாள். அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது.