வெள்ளிக்கிழமை விளக்கும் பாரிஸ் வீட்டு இன்சூரன்ஸும்

எங்களுக்கு இரண்டு வீடு. ஒன்று காரைக்கால் தருமபுரத்தில், நாங்கள் குடியிருப்பது. இன்னொன்று பாரிஸிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத் தொலைவில், யாரும் குடியிருக்காதது. இதில் எதற்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோம் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் தருமபுரத்து வீட்டு வாசற்படி வரை தண்ணீர் வரும். புயல் என்று சொன்னால் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கயிறு போட்டுக் கட்டுவோம். இதற்கும் ஒரு பாலிசி எடுங்களேன் என்றால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "இங்க என்ன ஆயிடப்போவுது? நாமதான் இருக்கோமே" என்பார். கூப்பிடு தூரத்தில் கடல் இருப்பதை அவரிடம் யார் சொல்வது? இடி விழுவதும் வெள்ளம் வருவதும் பாரிஸில்தான் நடக்கும் என்பது அவர் தீர்மானம். அங்கே முப்பத்தோரு வருடம் இருந்தோம், ஓர் ஓடுகூட நகரவில்லை.

ஓய்வு பெற்று ஊர் திரும்பி மூன்று வருடம் ஆகிறது. அவர் வரிச்சிக்குடியில் நெல் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இப்போது கல்யாண மண்டபங்களில் அவருக்கு முன்வரிசை நாற்காலி. "எப்ப திரும்பிப் போறீங்க?" என்று யாராவது கேட்க வேண்டும், அதற்காகவே சாப்பிட்டு முடித்த பிறகும் வெற்றிலைத் தட்டுப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். கேட்டுவிட்டால் போதும். "போவணும், வீடு பூட்டிக் கெடக்குல்ல" என்பார். ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த வீட்டுச் சாவி எப்போதும் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். தருமபுரத்து வீட்டுச் சாவியைத்தான் தினம் ஓர் இடத்தில் வைத்துவிட்டுத் தேடுவார்.

நான் மூன்று வருடமாக ஒன்றைத்தான் சொல்லிவந்தேன்: இன்சூரன்ஸை நிறுத்துங்கள், வீட்டை விற்றுவிடுங்கள், ஒரே ஊரில் இருந்து தொலைப்போம். இங்கே சாப்பிட்டுக்கொண்டு அங்கே குடியிருப்பவரோடு குடும்பம் நடத்துவது எனக்கு அலுத்துவிட்டது. அவர் காதில் விழவில்லை. வருடா வருடம் பாலிசி தானாகவே நீண்டுகொள்ளும், வேண்டாமென்றால்தான் கடிதம் எழுத வேண்டும். கடிதம் எழுதாமல் இருப்பதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

இந்த வருடம் கம்பெனிக்காரன் சும்மா இருக்கவில்லை, ஒரு கேள்வித்தாள் அனுப்பினான். வீட்டில் நிரந்தரமாக இருப்பவர் யார்? வருடத்தில் எத்தனை நாள் ஆளில்லாமல் கிடக்கும்? என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அரைநாள் உட்கார்ந்து பிரெஞ்சில் பதில் எழுதினார். பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்த பிறகுதான் நகலை என்னிடம் நீட்டினார், பரிசு வாங்கிவந்த பிள்ளை மாதிரி.

வீடு ஆளில்லாத வீடு அல்ல என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சாமி படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போகிறார், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை என்றும் எழுதியிருந்தார்.

பூட்டிய வீட்டை இருட்டாகப் போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அங்கே பக்கத்து வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மாளிடம் இன்னொரு சாவியைக் கொடுத்து இந்த ஏற்பாட்டைச் செய்தவரும் இவர்தான். விளக்கு எரிகிற வீட்டை யாராவது காலி வீடு என்பார்களா?

"ஏங்க, ஏத்தி வச்சிட்டுப் போறாங்கன்னு எழுதிருக்கீங்களே. அப்பறம் அந்த வெளக்க யாரு பாத்துக்குவா?"

"எண்ணெ தீந்தா தானா அணைஞ்சிடப்போவுது."

"அதையும் அவனுக்கு எழுதிட்டீங்களா?"

"எழுதாம இருப்பேனா? அடுத்த பக்கம் பாரு."

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆளில்லாத வீட்டில் வாரந்தோறும் தீ மூட்டி, கவனிக்க ஆளில்லாமல் விட்டுச்செல்வதாகத் தாங்களே எழுத்துமூலம் தெரிவித்திருப்பதால் பாலிசியைப் புதுப்பிக்க இயலாது. நிரந்தரமாக ஒருவர் குடியிருந்தால் மட்டும் பரிசீலிக்கலாம். கடைசியில் பெரிய மரியாதையோடு ஒரு வணக்கம் வேறு. நான் இரண்டு நாள் சிரித்தேன், குழம்பு தாளிக்கும்போதுகூடச் சிரித்தேன். "வெளக்கேத்துனா தப்பாம்! என்ன ஊரு அது!" என்று அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் செய்தார். எங்களுக்கு ஒரே பெண். அந்த நாட்டிலேயே வேறு ஊரில் ஆஸ்பத்திரி வேலை, இரண்டு அறை வாடகை வீடு. நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நீ அந்த வீட்லதான் இருக்கன்னு ஒரு கடுதாசி குடுத்தாப் போதும்மா. போவணும்னு இல்ல, பேருக்குத்தான்."

"பேருக்கு எதுக்குப்பா?"

"நம்ம வீடும்மா அது."

அவள் கோபமே இல்லாமல் கேட்டாள்.

"நான் அங்க இருந்த வரைக்கும் ஒரு நாளாவது அத நம்ம வீடுன்னு சொல்லிருக்கீங்களா? செவுத்துல ஒரு படம் ஒட்டுனா அம்மா திட்டுவாங்க. நம்ம வீடு காரைக்கால்ல இருக்கு, இங்க சும்மா தங்கிருக்கோம்னு. பொறந்தநாளுக்கு பிரெண்ட்ஸக் கூப்பிடவான்னு கேட்டா, ஊருக்குப் போயி நம்ம வீட்ல கொண்டாடலாம்னு. இப்ப ஊருல ஒக்காந்துகிட்டு அதுதான் நம்ம வீடுங்கறீங்க. அப்ப நான் எந்த வீட்ல வளந்தேன்?"

அவர் என்னைப் பார்த்தார். அவள் ஒட்டிய படத்தைக் கிழித்த கை என்னுடையது. வாய் வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் வெட்கமாக இருந்தது.

"அப்ப அத ஒன் பேருக்கே எழுதிடட்டுமாம்மா?" என்றார்.

"வேணாம்பா. வித்துடுங்க" என்றாள். டூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

மூன்று வருடமாக நான் கேட்டதும் அதைத்தான். மறுநாளே அவர் வீடு விற்றுக்கொடுக்கும் ஆளுக்கு எழுதினார். வீட்டின் உட்புறப் படங்கள் இருந்தால் அனுப்புங்கள் என்று அந்த ஆள் கேட்டான். ஆல்பங்களை இறக்கித் தூசி தட்டித் தேடினோம். வரிச்சிக்குடி வயல், கோயில் தேர், கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் கவுனைப் பிடித்துக்கொண்டு மகள், எல்லாம் லீவுக்கு ஊருக்கு வந்தபோது எடுத்தவை. அந்த வீட்டுக்குள் எடுத்தது ஒன்றே ஒன்று கிடைத்தது. ஏதோ ஒரு வருடம் ஊருக்குக் கிளம்பிய காலை. கட்டி வைத்த பெட்டிகள் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் வெறும் சுவர்.